மேலே போய்ப் படியுங்கள்

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக்ஓஎஸ் போன்ற யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் ஒரு மென்பொருளை அதன் மூல நிரலிலிருந்து உருவாக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தத் திரை நன்றாகத் தெரியும். கட்டளை கொடுத்ததும் வரிகள் ஓடத் தொடங்கும். சில நிமிடங்கள் ஒழுங்காக ஓடிவிட்டுச் சட்டென்று நிற்கும். கடைசி வரியில் மூன்று நட்சத்திரக் குறிகள், ஒரு கோப்பின் பெயர், 'எரர் 1' என்ற குறிப்பு. பார்ப்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். கடைசி வரியை அப்படியே நகலெடுத்து இணையத்தில் தேடுகிறார். இல்லையென்றால் 'மேக் கிளீன்' கொடுத்து, அதுவரை உருவானதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். இரண்டாவது பழக்கம் பல நேரங்களில் பலன் தந்துவிடுகிறது. அதனாலேயே அது ஆபத்தானது என்கிறேன். நின்றுபோன பில்டு ஒரு சாட்சி. எங்கே, எதனால் நின்றேன் என்பதை அது ஏதோ ஒரு வரியில் சொல்லித்தான் வைத்திருக்கிறது. அழித்துவிட்டுத் திரும்பக் கட்டும்போது சிக்கலோடு சேர்ந்து அதன் தடயமும் போய்விடுகிறது. சிக்கலின் வேர் மட்டும் அப்படியே இருக்கிறது.

பில்டு என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சி, சி++ போன்ற மொழிகளில் எழுதிய நிரல், மனிதர் படிப்பதற்கான உரை. கணினி அதை அப்படியே ஓட்டாது. கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் இயந்திர மொழிக்கு மாற்றி ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்றை உண்டாக்கும். பிறகு லிங்கர் அந்தக் கோப்புகளையெல்லாம் வேண்டிய லைப்ரரிகளோடு இணைத்து, ஓடக்கூடிய நிரலாக்கும். இந்த வேலை முழுவதும் சேர்ந்ததுதான் பில்டு. பத்துக் கோப்புகள் என்றால் கையாலேயே கட்டளை கொடுத்துவிடலாம். லினக்ஸ் கெர்னலில் பல்லாயிரம் கோப்புகளும் கோடிக்கணக்கான வரிகளும் இருக்கின்றன. ஒரு வரியைத் திருத்தியதற்காக அத்தனையையும் மறுபடி கம்பைல் செய்வது வீண் வேலை. எது எதைச் சார்ந்திருக்கிறது, எது மாறியிருக்கிறது, அதனால் எவற்றை மட்டும் மறுபடி செய்தால் போதும் என்று கணக்குப் பார்க்க ஒரு கருவி வேண்டும்.

அப்படி எழுந்ததுதான் மேக். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதினார். எழுத நேர்ந்த சூழலை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். யாக் என்ற கருவியை உருவாக்கிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் கடும் எரிச்சலோடு அவருடைய அறைக்கு வந்தார். காலைப் பொழுது முழுவதும் ஒரு நிரலில் பிழை தேடியிருந்தார். அந்தப் பிழையோ முன்பே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டதால் பழைய ஆப்ஜெக்ட் கோப்பே நிரலுக்குள் போய்க்கொண்டிருந்தது. முந்தைய மாலை ஃபெல்ட்மனும் இதே தொல்லையில் சிக்கியிருந்தார். இருவர் பேச்சில் பிறந்த யோசனை உலகெங்கும் பரவி, 2003இல் அவருக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருதைப் பெற்றுத் தந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பக் கட்டும் வழி அந்த இருவருக்கும் அன்றே இருந்தது. நேரம் பாழாகும், எதை எப்போது மறுபடி செய்ய வேண்டும் என்ற நினைவும் தவறும் என்பதால்தான், சார்புகளை எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கும் கருவி தேவைப்பட்டது. ஒவ்வொரு தடங்கலுக்கும் மேக் கிளீன் கொடுப்பவர் அந்தத் தேவை எழுந்த இடத்துக்கே திரும்பிப் போகிறார்.

மேக் முடிவெடுக்கும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. மேக்ஃபைல் என்ற கோப்பில், இந்தப் பொருள் இந்த மூலங்களைச் சார்ந்தது, இந்தக் கட்டளையால் உருவாவது என்று எழுதியிருப்பார்கள். மூலத்தின் கடைசித் திருத்த நேரம் பொருளின் நேரத்தைவிடப் புதிதாக இருந்தால் கட்டளையை ஓட்டும். இல்லையென்றால் தொடாமல் விட்டுவிடும். ஆக, மேக் நம்பியிருப்பவை இரண்டே: மேக்ஃபைலில் எழுதிய சார்புப் பட்டியல், கோப்புகளின் நேர முத்திரை. இரண்டில் ஒன்று பொய்யானால் பில்டும் பொய்யாகும். பத்துக் கோப்புகள் பயன்படுத்தும் ஒரு ஹெடர் கோப்பைத் திருத்துகிறீர்கள். அந்தச் சார்பு மேக்ஃபைலில் ஒன்பதுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பத்தாவது கோப்பு பழைய வடிவத்தோடேயே லிங்க் ஆகும். பில்டு எந்தக் குறையும் சொல்லாமல் முடிந்துவிடும். நிரல் ஓடும்போதுதான், ஒரு தரவின் அளவை ஒன்பது கோப்புகள் ஒரு விதமாகவும் ஒரு கோப்பு வேறு விதமாகவும் எடுத்துக்கொண்டு, தொடர்பே இல்லாத ஓர் இடத்தில் விழும். அப்போது மேக் கிளீன் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும், அந்த ஹெடரை யாராவது அடுத்த முறை திருத்தும் வரை. உண்மையான தீர்வு, சார்புகளைக் கையால் எழுதுவதை நிறுத்திவிட்டு, கம்பைலரே அவற்றைக் கண்டறிந்து எழுதித் தரும்படி செய்வது. ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இரண்டிலும் அந்த வசதி உண்டு.

நேர முத்திரையும் நாம் நினைக்கும் அளவுக்கு நம்பத் தகுந்ததில்லை. கோப்புகள் வேறொரு சர்வரில் இருந்து வலைப்பின்னல் வழியாக வரும்போது, அந்த சர்வரின் கடிகாரம் சில வினாடிகள் முந்தியிருந்தால் போதும். இப்போது சேமித்த கோப்பு 'எதிர்காலத்தில்' திருத்தப்பட்டதாகத் தெரியும். லினக்ஸில் பரவலாக உள்ள குனு மேக் இதைக் கவனித்து, கடிகாரம் பொருந்தவில்லை, பில்டு முழுமையாக இல்லாமல் போகலாம் என்று எச்சரிக்கும். அது எச்சரிக்கைதானே, பில்டு நிற்கவில்லையே என்று பலர் கடந்துபோகிறார்கள். பென் டிரைவ்களில் இன்னும் பரவலாக இருக்கும் ஃபேட் கோப்பு முறை திருத்த நேரத்தை 2 வினாடிக்கு ஒரு முறை என்ற நுட்பத்தில்தான் பதிகிறது. மேக்ஓஎஸ்ஸின் பழைய கோப்பு முறை 1 வினாடி. அந்த இடைவெளிக்குள் ஒரு கோப்பு இருமுறை மாறினால் மேக்குக்கு அது தெரியாது.

தவறு நடந்த இடமும் அது கண்ணில் படும் இடமும் வேறு வேறாக இருப்பதுதான் இந்தத் துறையின் மையச் சிக்கல். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அந்த வயலில் மண்வெட்டி போட்டுப் பயனில்லை. எந்த மதகில் அடைப்பு என்று வாய்க்கால் வழியே மேலே நடந்து பார்க்க வேண்டும். பில்டின் கடைசி வரி கடைமடை. ஒரு மேக் இன்னொரு மேக்கை அழைக்கும் பெரிய திட்டங்களில், உள்ளே ஒன்று தோற்றால் வெளியே ஒவ்வோர் அடுக்கும் 'எரர் 2' என்று எழுதிவிட்டு விலகும். அந்த வரிகளில் செய்தி ஏதும் இல்லை. கீழே இருந்தவர் விழுந்துவிட்டார் என்ற அறிவிப்பு மட்டும்தான். எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும்போது நிலைமை இன்னும் மோசம். ஒன்று தோற்ற பிறகும் மற்ற ஏழும் தம் பங்குக்கு எழுதிக்கொண்டே போகும்; உண்மையான பிழை நூறு வரிகளுக்கு மேலே புதைந்துகிடக்கும். ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து, பிழை என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைத் தேடுவது. ஒரே ஒரு வேலையாக ஓட்டிப் பார்ப்பதும் உதவும். ஒரு சி++ கோப்பில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் கம்பைலர் ஐம்பது பிழைகள் சொல்லக்கூடும். முதலாவதைத் திருத்தினால் மற்றவை தாமே மறைந்துவிடும்.

கடைசி வரியிலும் ஒரு துண்டுச் செய்தி உண்டு. எரர் என்ற சொல்லை அடுத்து வரும் எண், தோற்றுப்போன கட்டளை விட்டுச்சென்ற எண். 1 என்றால் பெரிதாக எதுவும் தெரியாது. 127 என்றால், அழைத்த கட்டளையே கணினியில் கிடைக்கவில்லை. 126 என்றால், கிடைத்தது, ஆனால் ஓட்ட முடியவில்லை; பெரும்பாலும் அனுமதிக் கோளாறு. 137 என்றால், யாரோ அந்தக் கட்டளையைக் கொன்றிருக்கிறார்கள். அந்த 'யாரோ' பெரும்பாலும் லினக்ஸ் கெர்னல்தான். நினைவகம் தீர்ந்துபோகும்போது அதிகம் தின்னும் நிரலை அது கொன்றுவிடும். பெரிய சி++ கோப்புகளைப் பல வேலைகளாக ஒரே நேரத்தில் கம்பைல் செய்யும்போது பலியாவது கம்பைலர். திரையில் கம்பைலரின் உள் நிரல் கொல்லப்பட்டது என்று மட்டும் வரும். பலர் தங்கள் நிரலையோ கம்பைலரையோ சந்தேகித்து மணிக்கணக்கில் அலைவார்கள். ஒரே நேரத்து வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் முடிந்துபோகும் விஷயம் அது.

கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்டை ஓட்டுபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. 1991இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் உருவாக்கித் தரும் இந்த ஸ்கிரிப்ட், மென்பொருளைக் கட்டும் முன் உங்கள் கணினியைச் சோதிக்கிறது. சின்னச்சின்ன நிரல்களை எழுதி, கம்பைல் ஆகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு வசதிக்கும் ஆம், இல்லை என்று குறிக்கிறது. சில நேரம், சி கம்பைலரால் நிரலை உருவாக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். கம்பைலரோ நன்றாகத்தான் இருக்கும். ஒரு சூழல் மாறியில் தவறான தேர்வு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது சி லைப்ரரியின் டெவலப்மென்ட் பேக்கேஜ் நிறுவப்படாமல் இருக்கும். எந்தக் கட்டளையை ஓட்டினேன், அது என்ன பதில் சொன்னது, சோதனை நிரலில் என்ன எழுதியிருந்தது என்பதையெல்லாம் கான்ஃபிக் லாக் என்ற கோப்பில் அந்த ஸ்கிரிப்ட் வரிக்கு வரி எழுதி வைக்கிறது. திரையில் வந்த ஒற்றை வரியோடு மல்லுக்கட்டுபவர்கள், அதே கோப்புறையில் கிடக்கும் அந்த முழு வாக்குமூலத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஹெடர் கோப்பு இல்லை என்ற பிழையும் இந்த வகைதான். லைப்ரரி கணினியில் இருக்கும், நிரல்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டும் இருக்கும். ஆனால் டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் விநியோகங்கள் ஓட்டுவதற்கான லைப்ரரியையும் கட்டுவதற்கான ஹெடர்களையும் தனித்தனிப் பேக்கேஜ்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இரண்டாவதை நிறுவினால் தீர்ந்தது.

மேக்கின் வரலாறும் சில பிழைகளை விட்டுச்சென்றிருக்கிறது. மேக்ஃபைலில் கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும்; எட்டு இடைவெளிகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தாலும் ஏற்காது. அவசரத்தில் எளிமையாகச் செய்துவிட்ட ஏற்பாடு அது என்றும், சில வாரங்களிலேயே ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால் மாற்ற மனம் வரவில்லை என்றும் ஃபெல்ட்மன் சொல்லியிருக்கிறார். அரை நூற்றாண்டாக மாணவர்கள் அதில் தடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். குனு மேக் இப்போது, இடைவெளிகளுக்குப் பதில் டேப் போட நினைத்தீர்களா என்று அந்த இடத்தில் கேட்கிறது; பிழைச் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல மாதிரி. கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்தால் மேக் அதை இரண்டு பெயர்களாகப் பிரித்துக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டியில் மேக் என்று கூப்பிட்டால் வருவது குனு மேக் இல்லை. வேறொரு வழிவந்த, வேறு இலக்கணம் கொண்ட கருவி. ஆப்பிள் தன் கருவிகளோடு தரும் குனு மேக்கோ 2006இல் வெளியான 3.81 பதிப்பு. எந்தக் கணினியில், எந்த மேக், எந்தப் பதிப்பு என்ற கேள்வியைக் கேட்காமல் பிறருடைய தீர்வை எடுத்து ஒட்டுவது வீண்.

இவ்வளவும் சரி, ஆனால் நேரம் யாருக்கு இருக்கிறது என்று கேட்கலாம். அழித்துக் கட்ட ஐந்து நிமிடம், காரணம் தேட ஐந்து மணி நேரம் என்றால் எதைத் தேர்வது? நியாயமான கேள்வி. சிறு திட்டங்களில், ஒரே ஒரு முறை வந்துபோன சிக்கலுக்கு, அழித்துக் கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அதுவேகூட ஒரு சோதனைதான்: புதிதாகக் கட்டினால் ஓடுகிறது, தொடர்ந்து கட்டினால் உடைகிறது என்றால், சார்புப் பட்டியலில் ஓட்டை இருக்கிறது என்று அது சொல்கிறது. அதைச் செய்யும் முன் கோப்புறையை ஒரு நகல் எடுத்து வைத்தால் தடயம் கெடாது. ஆனால் காரணம் தேட ஐந்து மணி நேரம் என்பது மிகை. எந்தக் கட்டளைகளை ஓட்டப்போகிறாய் என்பதை ஓட்டாமலே சொல்லும்படி மேக்கைக் கேட்கலாம். இந்தப் பொருளை ஏன் மறுபடி செய்கிறாய் என்றும் கேட்கலாம். 2013இல் வந்த 4.0 பதிப்பு முதல் குனு மேக் அதை ஒவ்வொரு கட்டளைக்கும் சொல்கிறது. 2022இல் வந்த 4.4 பதிப்பு, வேலைகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு ஓட்டும் வசதியைத் தந்தது. சார்பு விடுபட்டிருந்தால் வரிசை மாறியதும் பில்டு உடைந்து, எப்போதோ ஒரு முறை வந்து தொல்லை தந்த பிழை கையில் சிக்கும். மேக்ஃபைலில் ஒரு சார்பைச் சேர்க்க ஒரு வரி போதும். பத்துப் பேர் ஆளுக்கு ஒரு நாளில் இருமுறை அழித்துக் கட்டும் அலுவலகத்தில் அந்த ஒரு வரி மிச்சப்படுத்தும் நேரத்தை யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கன்டெய்னர் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்பது அடுத்த மறுப்பு. டாக்கரில் ஒவ்வொரு முறையும் புத்தம்புதிய சூழலில் கட்டிக்கொள்ளலாம்; என் கணினியில் ஓடுகிறது, உன்னுடையதில் ஓடவில்லை என்ற சண்டை தீர்ந்தது என்பார்கள். பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கன்டெய்னர் செய்வது, ஓடுகிற ஒரு சூழலை அப்படியே உறையவைப்பது. ஏன் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாத சூழலும் அதில் உறைந்திருக்கலாம். பாதுகாப்புக் காரணங்களுக்காக அடிப்படைப் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் நாளிலோ, இன்டெல் சிப்பிலிருந்து ஆர்ம் சிப்புக்கு மாறும் நாளிலோ, தள்ளிப்போட்ட கேள்விகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். டெபியன் சமூகம் 2013 முதல் இதற்கு நேரெதிர் வழியில் போகிறது. ஒரே மூல நிரலை வெவ்வேறு தேதி, வெவ்வேறு கோப்புறை, வெவ்வேறு மொழி அமைப்புகளில் கட்டி, கிடைக்கும் கோப்புகள் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுகிறது. வேறுபாடு வந்தால், ஏன் என்று தேடித் திருத்துகிறார்கள்.

நேர முத்திரைக்குப் பதில் கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் பேசல் போன்ற புதிய கருவிகள் பழைய பிழைகளில் ஒரு பகுதியை உண்மையிலேயே ஒழித்துவிட்டன. சிமேக் என்ற இன்னொரு பில்டு கருவி தன் பங்குக்கு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. முதல் முறை கண்டுபிடித்த கம்பைலரையும் லைப்ரரிகளின் இடத்தையும் ஒரு கேஷ் கோப்பில் நினைவில் வைத்திருக்கும். பிறகு கம்பைலரை மாற்றினாலும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே அந்தக் கேஷை அழிப்பது சரியான சிகிச்சை, ஏனென்றால் எதை, எதற்காக அழிக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். செயற்கை அறிவு உதவியாளரிடம் கேட்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். முதல் பிழையையும் கட்டளையையும் பதிப்பு எண்ணையும் கொடுத்தால் நல்ல விளக்கம் கிடைக்கும். 'எரர் 2' என்று மட்டும் கொடுத்தால் அதுவும் ஊகிக்கத்தான் முடியும்.

பில்டு என்ன சொல்கிறது என்று படிக்கும் பழக்கம் நிரலாளரின் வசதிக்கு மட்டுமானதில்லை என்பதை 2024 மார்ச் மாதம் காட்டியது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தன் டெபியன் கணினியில் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழி நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை வினாடிதானே என்று விட்டுவிடாமல் தேடிப்போனவர், லினக்ஸ் உலகம் முழுவதும் பயன்படுத்தும் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் திருட்டுக் கதவு ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து மார்ச் 29 அன்று அறிவித்தார். அந்தக் கதவு மூல நிரலில் வெளிப்படையாக இல்லை. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் இருந்த பைனரிகளுக்குள் கிடந்தது. அதை வெளியே எடுத்து லைப்ரரிக்குள் சேர்த்தவை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் வைக்கப்பட்ட, பொதுக் களஞ்சியத்தில் இல்லாத, பில்டு ஸ்கிரிப்ட் வரிகள். யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அதே மென்பொருளின் சிமேக் கோப்பில் இன்னொரு சதியும் இருந்தது. லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி கணினியில் உண்டா என்று பார்க்கும் சோதனை நிரலில், 2024 பிப்ரவரி இறுதியில் ஒரு முற்றுப்புள்ளி நுழைக்கப்பட்டது. சி மொழியில் அந்த இடத்தில் புள்ளி வந்தால் இலக்கணப் பிழை. எனவே எந்தக் கணினியிலும் அந்தச் சோதனை கம்பைல் ஆகாது. பில்டு நிற்கவும் நிற்காது. லேண்ட்லாக் இல்லை என்று ஒரு வரியில் குறித்துக்கொண்டு, பாதுகாப்பு இல்லாமலேயே மென்பொருளைக் கட்டி முடித்துவிடும். தோற்றுப்போன சோதனைக்குக் கம்பைலர் சொன்ன காரணத்தைச் சிமேக் தன் பதிவுக் கோப்பில் எழுதி வைக்கும். இந்த வசதி உள்ள கெர்னலில் ஏன் இல்லை என்கிறது என்று கேட்டு அந்தக் கோப்பைத் திறந்தவருக்கு, புள்ளி இருக்கும் வரியைக் கம்பைலரே சுட்டிக்காட்டியிருக்கும். கதவு வெளிப்பட்ட மறுநாள், மார்ச் 30 அன்று, அந்தப் புள்ளியை நீக்கினார்கள்.